19 டிரா: கால்பந்து எழுத வந்த தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

சண்டர்லாந்து கிளப்பின் 2018-19 சீசனைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். பதிலை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம்தான். ஆனால் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுத ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகள் இப்போது நாலைந்து பேராவது இருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் கால் இடறுகிறது. அதனால் இதைப் பத்திரிகையிலேயே போட்டுவிடலாம் என்று தோன்றியது. உன் பெயரைச் சொல்லவில்லை, கவலைப்படாதே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எழுத யாரும் சீந்தாத மூன்றாம் டிவிஷனை எடுத்துக்கொண்டாய் பார், அதற்கே ஒரு சபாஷ். மான்செஸ்டரும் லிவர்பூலும்தான் இங்கிலாந்து என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'லீக் ஒன்' என்ற பெயரைப் பார்த்து அதுதான் முதல் டிவிஷன் என்று நம்புகிற ஆட்களும் உண்டு. பிரீமியர் லீக்குக்குக் கீழே சாம்பியன்ஷிப், அதற்கும் கீழேதான் லீக் ஒன் என்று உன் கட்டுரையில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறாய். அந்தச் சிக்கனம் பிடித்திருந்தது. 2017இல் பிரீமியர் லீக்கிலிருந்து விழுந்து, அடுத்த ஆண்டே சாம்பியன்ஷிப்பிலிருந்தும் விழுந்ததை, குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்று எழுதியிருக்கிறாய். அதுவும் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

சிக்கல் உன் தொடக்கத்தில். 2019 மே 26, வெம்ப்ளி, மேல் டிவிஷனுக்கு ஏறுவது யார் என்று முடிவு செய்கிற பிளே-ஆஃப் இறுதி, 94ஆம் நிமிடம், சார்ல்டன் அணியின் பாட்ரிக் பாவர் கோல் போடுகிறார், சண்டர்லாந்து 1-2 என்று தோற்கிறது. அங்கே ஆரம்பித்து, ஆகஸ்ட் வரைக்கும் பின்னோக்கிப் போகிறாய். போகிற வழியில் தட்டுப்படுகிற ஒவ்வொரு மேட்சும் அந்த 94ஆம் நிமிடத்துக்கான சகுனமாகவே உனக்குத் தெரிகிறது. ஜனவரியில் ஒரு வீரர் போனால் அது சகுனம். மார்ச்சில் ஒரு பெனால்டி தடுக்கப்பட்டால் அதுவும் சகுனம். ஆகஸ்டில் அரங்கத்துக்கு வந்தவர்களுக்கு மே மாதம் தெரியாதே! தெரியாமல்தான் அவர்கள் கத்தினார்கள், திட்டினார்கள், டிக்கெட் வாங்கினார்கள். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நடந்ததற்கு நீ தீர்ப்பு எழுதினால், அவர்கள் வாழ்ந்த சீசன் வேறாகவும் நீ எழுதுகிற சீசன் வேறாகவும் ஆகிவிடும்.

புள்ளிப் பட்டியலை எடுத்து மேசையில் வை. நீ அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. 46 ஆட்டத்தில் சண்டர்லாந்துக்கு 22 வெற்றி, 19 டிரா, 5 தோல்வி, 85 புள்ளி, ஐந்தாம் இடம். இப்போது அதற்கு மேலே இருக்கிற நான்கு பேரையும் பார். சாம்பியன் லூட்டன் 6 தோல்வி. இரண்டாம் இடத்து பார்ன்ஸ்லி 7. மூன்றாவது வந்த சார்ல்டன் 10, நான்காவது வந்த போர்ட்ஸ்மவுத் 8. மேலே இருக்கிற ஒவ்வொருவரும் சண்டர்லாந்தைவிட அதிகமாகத் தோற்றவர்கள்தான். குறைவாகத் தோற்ற அணி ஐந்தாம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. உன் கட்டுரைக்கு நீ வைத்த தலைப்பு 'தோல்வியின் சீசன்'. அந்தத் தலைப்பை இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உனக்கே சிரிப்பு வரும்.

அந்த 19தான் விஷயம், தம்பி. இங்கிலாந்தில் 1981 வரைக்கும் வெற்றிக்கு இரண்டு புள்ளி. ஜிம்மி ஹில் வலியுறுத்தித்தான் அதை மூன்றாக்கினார்கள். டிராவுக்கு அன்றும் ஒன்று, இன்றும் ஒன்று. அதாவது பாதி வெற்றியாக இருந்த டிரா, ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பழைய கணக்கில் போட்டுப் பார்: சண்டர்லாந்துக்கு 63, போர்ட்ஸ்மவுத்துக்கும் 63, சார்ல்டனுக்கு 62. சாம்பியன் லூட்டனுக்கே 67தான். இரண்டாம் இடத்து பார்ன்ஸ்லிக்கும் சண்டர்லாந்துக்கும் புதுக் கணக்கில் இடைவெளி ஆறு. பழைய கணக்கில் இரண்டே இரண்டு. நான் இதைச் சொல்வது பழைய முறை நல்லது என்று வாதாட இல்லை. எல்லா அணிக்கும் விதி ஒன்றுதான், தெரிந்துதான் ஆடினார்கள். தோற்காமல் இருப்பதையே வேலையாக வைத்துக்கொண்ட அணிக்கு இன்றைய கணக்கு என்ன கூலி கொடுக்கிறது என்பதை உன் வாசகன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் கட்டுரையில் டிரா என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனித்தாயா? காரணம் எனக்குப் புரிகிறது. டிராவை எழுதுவது கஷ்டம். ஜெயித்தால் கொண்டாட்டம் இருக்கும், தோற்றால் கண்ணீர் இருக்கும். 1-1க்கு என்ன இருக்கும்? கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற ஆயிரக்கணக்கான ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் கையில் ஒரு புள்ளி இருக்கும். அது கிடைத்ததா, இல்லை இரண்டு போனதா என்று வீடு போய்ச் சேர்கிற வரைக்கும் தர்க்கம் நடக்கும். முன்னிலை எடுத்த பிறகு இரண்டாவது கோலுக்குப் போகாமல் பின்னால் ஒதுங்குகிறார்கள் என்று பயிற்சியாளர் ஜாக் ராஸ் மேல் அந்த ஊர்க்காரர்களுக்கு அப்போதே குறை உண்டு. கோல் போடத் தெரியாத அணியும் இல்லை, 80 போட்டார்கள். அந்தக் குறை நியாயமா என்று ஆட்டம் ஆட்டமாக உட்கார்ந்து பார்ப்பதுதான் உன் வேலை. 19 டிராவில் மூன்றை எடு. முதலில் கோல் போட்டது யார், எத்தனையாவது நிமிடத்தில், சமன் கோல் எப்போது விழுந்தது, அந்த இடைவெளியில் மாற்று ஆளாக யாரை இறக்கினார்கள் என்று பார். இதில் ஒரு பத்தி எழுதினால் வெம்ப்ளியைப் பற்றி ஐந்து பத்தி எழுதியதைவிட வாசகனுக்கு அதிகம் புரியும்.

டிராவிலும் ஒரு நல்ல டிரா இருந்தது. பிளே-ஆஃப் அரையிறுதியில் போர்ட்ஸ்மவுத்தை முதல் ஆட்டத்தில் கிறிஸ் மகுவயர் கோலில் 1-0 என்று ஜெயித்தார்கள். அதுவும் ஆலிம் ஓஸ்டுர்க் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போக, பத்துப் பேராக நின்று ஆட்டத்தை முடித்தார்கள். அடுத்து போர்ட்ஸ்மவுத் மைதானத்தில் 0-0. ஆண்டு முழுக்க எதற்காகத் திட்டு வாங்கினார்களோ, அதே கெட்டியான, அழகில்லாத ஆட்டம்தான் அன்றைக்கு வெம்ப்ளிக்கு வண்டி ஏற்றிவிட்டது. இதை விட்டுவிட்டாயே!

இன்னொரு கணக்கும் பார். அந்த ஐந்து தோல்வியில் மூன்று கடைசி மூன்று வாரத்தில் வந்தவை. ஏப்ரல் 13 வரைக்கும் லீக்கில் இரண்டே தோல்வி, பர்ட்டனிடமும் போர்ட்ஸ்மவுத்திடமும். அன்றைக்குச் சொந்த மைதானத்தில் கவென்ட்ரியிடம் 4-5. நான்கு கோல் போட்டும் தோற்ற ஆட்டம். அந்த லீக் சீசனில் தங்கள் ஸ்டேடியம் ஆஃப் லைட் மைதானத்தில் அவர்கள் கண்ட ஒரே தோல்வி அதுதான். பிறகு டான்காஸ்டருடன் ஒரு வெற்றி, பீட்டர்பரோவிடமும் போர்ட்ஸ்மவுத்திடமும் 1-1, ஃப்ளீட்வுட்டில் தோல்வி, மே 4 அன்று சவுத்எண்டில் தோல்வி. கடைசி ஆறு ஆட்டத்தில் கிடைத்தது ஐந்தே புள்ளி. சீசன் சாய்ந்தது இங்கேதான். வெம்ப்ளியின் 94ஆம் நிமிடம் அதற்கப்புறம் வந்த விஷயம். இந்த மூன்று வாரத்தை எழுது என்றால் கசக்கிறது, ஏனென்றால் இதில் நாடகம் கிடையாது, களைப்புதான் இருக்கிறது.

களைப்புக்குக் காரணம் தேடினாயா? நாள்காட்டியைப் பார். மார்ச் 31 அன்று செக்கட்ரேட் டிராபி இறுதிக்காக வெம்ப்ளியில் 120 நிமிடம் ஆடி, பெனால்டி ஷூட் அவுட்டும் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் அக்ரிங்டனில் போய் நிற்கிறார்கள். அந்த அக்ரிங்டன் ஆட்டம் டிசம்பரிலேயே முடிந்திருக்க வேண்டியது. மைதானத்தில் தண்ணீர் தேங்கியதால் நடுவர் பாதியில் நிறுத்திவிட்டார். மார்ச் 31இலிருந்து மே 4 வரை, 35 நாளில் பத்து ஆட்டம். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகப் போகிற கால்களை நினைத்துப் பார். டிசம்பர் மழைக்கும் ஏப்ரல் சரிவுக்கும் நடுவே ஒரு கோடு போட முடிகிறதே, அது உனக்குச் சகுனத்தைவிட உபயோகமான சரக்கு இல்லையா? கீழ் டிவிஷன் சீசனை இப்படித்தான் அடி மண்ணிலிருந்து பார்க்க வேண்டும். வடிகால், புல், பஸ், முழங்கால்.

அந்த டிராபி இறுதியையும் நீ அவசரமாகத் தாண்டிவிட்டாய். 85,021 பேர் வந்த ஆட்டம் அது. அந்தக் கோப்பையின் வரலாற்றிலேயே பெரிய கூட்டம். இத்தனைக்கும் அது மூன்றாம், நான்காம் டிவிஷன் அணிகளுக்கான கோப்பை. பெரிய கிளப்புகளின் இளைஞர் அணிகளையும் அதில் சேர்த்ததால், பல ஊர் ரசிகர்கள் அதைப் புறக்கணிக்கிற அளவுக்கு மதிப்பிழந்திருந்த போட்டி. ஏய்டன் மெக்கீடி முதல் பாதியில் ஒன்று போட்டார். போர்ட்ஸ்மவுத் 82ஆம் நிமிடத்தில் சமன் செய்தது, எக்ஸ்ட்ரா டைமில் முன்னே போனது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது மீண்டும் மெக்கீடி. 2-2. பெனால்டியில் 5-4 என்று போர்ட்ஸ்மவுத்துக்குப் போனது. சண்டர்லாந்தின் ஐந்தில் தடுக்கப்பட்ட ஒன்று லீ கேட்டர்மோல் அடித்தது.

இங்கே உன் எழுத்தில் எனக்குக் கோபம் வந்த இடம். கேட்டர்மோலை 'வில்லன்' என்று எழுதியிருக்கிறாய். அவர் 2009இலிருந்து அந்தக் கிளப்பில் இருந்தவர். பிரீமியர் லீக்கில் கேப்டனாக இருந்து, கிளப்போடு சேர்ந்து இரண்டு படி இறங்கி, மூன்றாம் டிவிஷனிலும் நடுக்களத்தில் முட்டி தேய உழைத்தவர். பெனால்டி அடிக்க வா என்றால் நின்ற ஐந்து பேரில் ஒருவர். அடித்தவருக்குத்தானே தவறும்? ஒரு ஆளுக்குப் பட்டம் கொடுப்பதற்கு முன்னால் அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்து நின்றார் என்று இரண்டு வாக்கியம் எழுத முடிகிறதா என்று பார். முடிந்தால், எழுதிய பிறகு பட்டம் தேவைப்படாது என்பது என் அனுபவம்.

இதே கண்ணோடு பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தின் முதல் கோலுக்கு வா. 'துரதிர்ஷ்டவசமான சேம் சைடு கோலால் சண்டர்லாந்து முன்னிலை பெற்றது' என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார். ஐந்தாவது நிமிடம். சார்ல்டனின் பின்கள வீரர் நாபி சாருக்கு எந்த நெருக்கடியும் இல்லை. கோல்கீப்பர் டில்லன் ஃபிலிப்ஸுக்குப் பந்தைத் திருப்பிக் கொடுக்கிறார். வேகமில்லாத பந்து. பயிற்சியில் ஒரு நாளைக்கு நூறு தடவை கொடுக்கிற பந்து. ஃபிலிப்ஸின் பார்வை பந்தைவிட்டு விலகி, அடுத்து யாருக்கு அடிக்கலாம் என்று முன்னே போகிறது. காலை வைக்கிறார். கால் இருக்கிற இடத்தில் பந்து இல்லை. பந்து அவரைத் தாண்டி அவசரமே இல்லாமல் உருண்டு கோட்டைக் கடக்கிறது. 76,155 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோல் போட்ட அணிக்கே என்ன நடந்தது என்று புரிய ஒரு கணம் ஆகிறது.

பார்வை எங்கே போனது என்று எழுதினாலே போதும். துரதிர்ஷ்டம் என்ற சொல் அங்கே எதையும் விளக்கவில்லை, மூடி வைக்கிறது. இன்னொன்றும் கேள். அதே ஃபிலிப்ஸ் அதற்குப் பிறகு ஆட்டம் முடிகிற வரைக்கும் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் அப்படி ஒன்று நடந்த பிறகு, அத்தனை ஆயிரம் பேர் முன்னால், அடுத்த முறை பந்து திரும்பி வரும்போது ஒரு இருபத்துச் சொச்சம் வயதுப் பையன் எப்படிக் காலை வைப்பான்? உன் கட்டுரையின் மிகச் சிறந்த பத்தி அங்கே இருக்கிறது. நீ அதை எழுதவில்லை. ஏனென்றால் நீ சண்டர்லாந்தின் சோகத்தை எழுத வந்தாய், எதிரணியின் கோல்கீப்பர் உன் கணக்கில் இல்லை.

எதிரணியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உன் கட்டுரையில் சண்டர்லாந்தைத் தவிர மற்ற 23 அணிகளும் பெயர்ப் பலகைகள் மாதிரி வந்து போகின்றன. லூட்டனை எடுத்துக்கொள். 2008-09இல் நான்காம் டிவிஷனில் 30 புள்ளியைத் தண்டனையாகப் பறிகொடுத்து, லீக்கை விட்டே வெளியே போய், ஐந்து சீசன் வெளியே கிடந்து, 2014இல் திரும்பி வந்த கிளப். இந்த 2018-19 சீசனின் நடுவில், ஜனவரியில், அவர்களின் பயிற்சியாளர் நேதன் ஜோன்ஸ் மேல் டிவிஷன் கிளப்பான ஸ்டோக்குக்குப் போய்விட்டார். பழைய ஆட்டக்காரர் மிக் ஹார்ஃபோர்ட் பொறுப்பெடுத்து சாம்பியன் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். சார்ல்டன் ரசிகர்கள் தங்கள் முதலாளிக்கு எதிராகப் பல ஆண்டாகப் போராடிக்கொண்டிருந்தவர்கள். ஒரு தடவை பிளாஸ்டிக் பன்றிப் பொம்மைகளை மைதானத்துக்குள் எறிந்து ஆட்டத்தையே நிறுத்தினார்கள். போர்ட்ஸ்மவுத் 2008இல் எஃப்.ஏ. கோப்பை வென்று, ஐந்தே ஆண்டில் நான்காம் டிவிஷன் வரைக்கும் சரிந்து, ரசிகர்களே காசு போட்டு வாங்கிக் காப்பாற்றிய கிளப். இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை. உன் கிளப் மட்டும்தான் பாடுபட்டது என்ற தொனி வந்தால், மூன்றாம் டிவிஷனைத் தெரிந்த ஒரு வாசகன் பத்திரிகையை மூடி வைத்துவிடுவான்.

இதற்குப் பின்னால் ஒரு கசப்பான உண்மையும் இருக்கிறது. அந்த டிவிஷனில் சண்டர்லாந்து ஏழை இல்லை, பண்ணையார். பிரீமியர் லீக்கிலிருந்து விழுந்தவர்களுக்குச் சில ஆண்டுகள் கிடைக்கிற பாராசூட் பணம் அவர்களுக்கு இருந்தது. சராசரியாக 32,000 பேருக்கு மேல் ஆட்டம் பார்க்க வந்தார்கள். கிறிஸ்மஸுக்கு மறுநாள் பிராட்ஃபோர்ட் சிட்டியுடன் நடந்த ஆட்டத்துக்கு 46,039 பேர், லீக் ஒன் என்ற பெயர் வந்த பிறகு அந்த டிவிஷனுக்கு அது சாதனை. அக்ரிங்டன் ஸ்டான்லி மைதானத்தில் எல்லாவற்றையும் சேர்த்தாலே ஐயாயிரம் பேர் பக்கம்தான் நிற்க முடியும். அப்படிப்பட்ட அணிகள் சண்டர்லாந்து வருகிற நாளை ஆண்டுக்கொரு திருவிழா மாதிரி எதிர்பார்த்துக் காத்திருந்து உயிரைக் கொடுத்து ஆடின. அந்த 19 டிராவில் எதிராளியின் பங்கும் இருக்கிறது. பெரிய பெயரோடு சின்ன டிவிஷனுக்கு வருகிறவனின் கஷ்டமே தனி. அதைப் பரிதாபமாக எழுதாதே.

பணம் பற்றிய பத்தியும் திருத்த வேண்டும். ஜாஷ் மாஜா என்ற பையன், 20 வயது, ஜனவரிக்குள் லீக்கில் 15 கோல் போட்டிருந்தான். ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது, புதுப்பிக்கவில்லை. சும்மா போவதற்குள் கிடைத்த விலைக்கு பிரான்ஸின் போர்தோ கிளப்புக்கு விற்றார்கள். அந்த இடத்தை நிரப்ப, வீரர்களை வாங்கி விற்கிற காலம் முடிகிற கடைசி இரவில் விகனிலிருந்து வில் க்ரிக்கை வாங்கினார்கள். 30 லட்சம் பவுண்டு, நிபந்தனைகள் நிறைவேறினால் 40 லட்சம் வரை என்று செய்தி வந்தது. மூன்றாம் டிவிஷனில் அது காணாத தொகை. க்ரிக்கால் மாஜாவின் இடத்தை நிரப்ப முடியவில்லை. இவ்வளவும் உண்மை. நீ இதை எழுதியிருக்கும் விதம் மட்டும் அந்தக் கிளப்பைப் பற்றிய நெட்ஃபிளிக்ஸ் தொடரின் இரண்டாம் சீசனைப் பார்த்துவிட்டுக் காட்சி காட்சியாக இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. முதலாளி ஸ்டீவர்ட் டொனால்ட் போனைக் கையில் வைத்துக்கொண்டு விலையை ஏற்றிக்கொண்டே போகிற அந்த இரவு நல்ல காட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேமரா அந்த அறையில் இருந்ததால்தான் அது பெரிய விஷயமாகத் தெரிகிறது. டிசம்பர் மழையில் அக்ரிங்டன் புல்லுக்கு அடியில் எந்தக் கேமராவும் இல்லை. கேமரா பார்த்ததை நீயும் பார்த்தால், உன்னை எதற்கு நான் எழுதச் சொல்ல வேண்டும்?

ஊரைப் பற்றி ஒரு பத்தி வைத்திருக்கிறாய்: கப்பல் கட்டும் தளம் மூடியது, சுரங்கம் மூடியது, மக்களுக்குக் கால்பந்து ஒன்றே ஆறுதல். எல்லாமே நடந்ததுதான். 1993இல் மூடிய மாங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கத்தின் மேல்தான் 1997இல் அரங்கத்தைக் கட்டினார்கள், வாசலில் சுரங்க விளக்கின் பெரிய உருவம் நிற்கிறது. ஆனால் அந்த ஊரைப் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் இதையே எழுதிவிட்டார்கள். இதற்குப் பதிலாக அந்த 2018 கோடையைப் பார். அரங்கத்தின் சிவப்பு நாற்காலிகள் வருஷக்கணக்கில் வெயில் பட்டு வெளிறி ரோஸ் நிறமாகிப் போயிருந்தன. மாற்றப் பழைய நிர்வாகத்துக்கு மனமில்லை. புது நிர்வாகம் வந்ததும் ரசிகர்களைக் கூப்பிட்டார்கள். ஊர்க்காரர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆயிரக்கணக்கான நாற்காலிகளைக் கழற்றிப் புதுச் சிவப்பு நாற்காலிகளைப் பூட்டினார்கள். இரண்டு முறை விழுந்த கிளப்பின் ரசிகன் குனிந்து போல்ட் முறுக்குகிறான். தான் பூட்டிய நாற்காலியில்தான் அந்த 46,039இல் ஒருவனாக உட்காருகிறான். ஆறுதல் என்ற சொல்லை நீ தொடவே வேண்டாம், வாசகனே போட்டுக்கொள்வான்.

மொழியைப் பற்றிச் சின்னச் சின்ன விஷயங்கள். 'பந்து வலையை முத்தமிட்டது' வேண்டாம். கோல் விழுந்தது, போதும். 'காற்றில் வித்தை காட்டினார்' என்று மெக்கீடியை எழுதியிருக்கிறாய். அவர் தரையில்தான் வித்தை காட்டினார். இரண்டு காலாலும் ஒரே மாதிரி பந்தைத் தட்டித் திரும்பக்கூடியவர் என்பதால் அவரை மறிக்கிற ஆளுக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாது, அதை எழுது. 'இன்ஜுரி டைம்' என்றே எழுதலாம், 'காய ஈட்டு நேரம்' எல்லாம் யாரும் பேசுவதில்லை. கடைசியில் 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்று முடிக்கிறாய். அந்த வரிக்குக் கீழே எந்த வருஷத்து எந்த அணியின் பெயரை வைத்தாலும் பொருந்தும். அதனால் எடுத்துவிடு.

'பேரழிவு' என்ற சொல்லையும் எடு. அந்த சீசன் முடிந்த மூன்றாம் மாதம், 2019 ஆகஸ்ட் 27 அன்று, பரி என்ற கிளப்பை லீக்கிலிருந்தே நீக்கினார்கள். 1894இலிருந்து லீக்கில் இருந்த கிளப். எஃப்.ஏ. கோப்பையை இரண்டு தடவை வென்ற கிளப். அந்த ஆண்டுதான் நான்காம் டிவிஷனிலிருந்து மேலே ஏறி, லீக் ஒன்னில் ஆட வேண்டியவர்கள். கடன் விவகாரத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போய்விட்டார்கள். அந்த ஊர் ரசிகனுக்குப் பேரழிவு என்ற சொல்லை மிச்சம் வைக்க வேண்டாமா? இறுதி ஆட்டத்தில் தோற்ற சண்டர்லாந்துக்கு அடுத்த ஆகஸ்டில் மறுபடியும் ஒரு ஆட்டம் இருந்தது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். சண்டர்லாந்து 2022இல் வைக்கம்பை ஜெயித்து மேலே ஏறியதையும், 2025 மே மாதம் அதே வெம்ப்ளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 95ஆம் நிமிடக் கோலில் வீழ்த்தி பிரீமியர் லீக்குக்குத் திரும்பியதையும் கடைசியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஆசை எனக்கும் புரிகிறது. 94ஆம் நிமிடத்தில் போனது 95ஆம் நிமிடத்தில் வந்தது என்று எழுதினால் வாசகன் கைதட்டுவான். ஆனால் 2019இல் ஆடியவர்களில் அநேகமாக யாரும் 2025இல் அங்கே இல்லை. கேட்டர்மோல் அந்தக் கோடையிலேயே போய்விட்டார், ராஸை அக்டோபரில் அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய கணக்கை வேறு ஆட்களின் கோலால் நேர் செய்ய முடியாது. இதே காரணத்தால்தான், அந்த சீசனின் முதல் ஆட்டமும் சார்ல்டனுடன்தான், அன்றைக்கு 96ஆம் நிமிடத்தில் லிண்டன் கூச் கோல் போட்டு 2-1 என்று சண்டர்லாந்து ஜெயித்தது என்பதை வைத்துக்கொண்டு விதி, வட்டம் என்று ஜோடி கட்டாதே. ஆகஸ்ட் 4 என்ற தேதியில், அந்தத் தேதிக்குரிய சந்தோஷத்தோடு அதை எழுது. இரண்டு முறை விழுந்த ஊர், மூன்றாம் டிவிஷனில் முதல் நாள், 96ஆம் நிமிடம். அந்தச் சந்தோஷத்தில் மே மாதத்தின் நிழல் விழக் கூடாது.

கட்டுரையை வெம்ப்ளியில் முடிக்காமல் மே 4 சவுத்எண்டில் முடிக்க முடியுமா என்று யோசித்துப் பார். அந்தத் தோல்வியோடு லீக் பட்டியல் முடிகிறது. சண்டர்லாந்து ஐந்தாவது. மறுபக்கம், ஜெயித்த சவுத்எண்ட் அந்த ஒரு வெற்றியால் கீழே இறங்காமல் தப்பித்தது. ஒரே மைதானத்தில் ஒரு பக்கம் தொங்கிய தலைகள், இன்னொரு பக்கம் திருவிழா. பிளே-ஆஃபை அதற்குப் பிறகு இரண்டு பத்தியில் சொல்லிக்கொள்ளலாம், அது வேறு போட்டி.

1,800 சொல்லுக்குள் வை. டிராக்கள் மூன்றையும் தேதியோடு தனித்தாளில் எழுதி அனுப்பு, சரிபார்க்க வேண்டும். புள்ளிப் பட்டியலின் முதல் ஆறு வரிசையைக் கட்டமாகப் போடலாம், வடிவமைப்பில் இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். படத்துக்கு பாவர் கோல் வேண்டாம், நாற்காலி மாற்றுகிற படம் ஏதாவது கிடைக்கிறதா பார். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் அடுத்த இதழில் போட்டுவிடலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்